குழந்தையைச் சுமக்கக் கட்டுத்துணி: வீட்டிலேயே தைத்துக்கொள்ளும் முறை

(வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் எழுதுவது)

இத்தலைப்பைக் கண்டவுடன், இது மாதர் சங்கத்தாருக்குரிய விஷயம் என்று எண்ணிப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாமெனப் பஞ்சாயத்து அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறேன். நான் இதை எழுத நேர்ந்ததே ஒரு பொதுவேலை நடந்த இடத்தில்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வட்டாரத்தில் ஒரு கண்மாயின் கரையைப் பலப்படுத்தும் வேலை நடைபெற்றது. வேலைக்கு வந்த பெண்களில் நால்வர் கைக்குழந்தையுடன் வந்திருந்தனர். கரையில் நின்ற கருவேல மரத்தில் பழஞ்சேலைகளைத் தூளியாகக் கட்டிக் குழந்தைகளை இட்டிருந்தார்கள். முற்பகல் பதினொரு மணியளவில் ஒரு கிளை முறிந்தது. ஆறு மாதக் குழந்தையொன்று தூளியோடு தரையில் விழுந்தது. உயிருக்கு ஆபத்தில்லை, காறை எலும்பு மட்டும் முறிந்திருந்தது. அங்கே ஒரு நிழற்பந்தலும், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணும் இருந்திருக்க வேண்டும். 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட சிறு குழந்தைகள் வேலைத்தலத்துக்கு வந்தால் ஒரு பெண்ணைக் காவலுக்கு அமர்த்த வேண்டுமென விதித்திருந்தது. எங்களிடம் இருந்தவை நான்கு குழந்தைகள். ஒன்று குறைந்ததால் விதி பொருந்தாது என்று ஒருவர் கணக்குச் சொன்னார். அந்தக் கணக்கை நானும் அன்று மறுக்கவில்லை. அதைச் சொல்லாமல் இக்கட்டுரையை எழுதுவது நேர்மையாகாது.

அதன்பின் அப்பெண்களிடம் பேசியபோது வேறொன்றும் தெரியவந்தது. நால்வரில் இருவர் வீட்டில், அம்மா வேலைக்குச் செல்லும் நாட்களில் தம்பியை இடுப்பில் வைத்துக்கொள்ள மூத்த மகள் பள்ளிக்குச் செல்லாமல் நின்றுவிடுகிறாள். ஒருத்தி மூன்றாம் வகுப்பு, மற்றவள் ஐந்தாம் வகுப்பு. எட்டு வயதுச் சிறுமி ஏழு கிலோ எடையுள்ள குழந்தையை ஒக்கலில் சுமந்துகொண்டு தெருவில் நிற்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம், பார்த்துப் பழகியும்விட்டோம். "ஐயா, வெளிவேலையைக்கூட விடுங்கள். தண்ணீர் எடுக்க, வீடு பெருக்க, ரேஷன் கடையில் நிற்கக்கூட எனக்குக் கை இரண்டும் வேண்டியிருக்கிறது. அதனால்தான் அவளை நிறுத்திக்கொள்கிறேன்" என்றார் ஒரு தாய். ஐந்து மீட்டர் துணியால் அவ்விரு கைகளையும் விடுவிக்க முடியுமானால், அதைப் பஞ்சாயத்தின் வேலை என்று சொல்ல நான் தயங்கமாட்டேன்.

புதுமையல்ல

குழந்தையைத் துணியால் உடலோடு கட்டிக்கொள்வது உலகின் பல பகுதிகளில் இன்றும் அன்றாட வழக்கம். மெக்ஸிகோவில் 'ரெபோசோ' என்னும் நீண்ட மேலாடையிலும், கிழக்கு ஆப்பிரிக்காவில் 'கங்கா' என்னும் அச்சடித்த துணியிலும் தாய்மார் குழந்தையைக் கட்டிக்கொள்கின்றனர். மேற்கு ஆப்பிரிக்கப் பெண்கள் இடுப்பில் உடுத்தும் துணியைப் போன்ற ஒன்றாலேயே குழந்தையை முதுகில் கட்டுகின்றனர். சென்னைப் பட்டணத்தின் பெயரைத் தாங்கிய கட்டம் போட்ட கைத்தறித் துணி நூற்றாண்டுக் கணக்கில் மேற்கு ஆப்பிரிக்காவுக்கு ஏற்றுமதியாயிற்று. நம் கடற்கரையோரத் தறிகளில் நெய்த துணி அங்கே எத்தனை குழந்தைகளைச் சுமந்திருக்குமோ!

மேல்நாட்டார் இதைப் பின்னரே கற்றனர். டோகோ நாட்டில் தொண்டாற்றிய ஆன் மூர் என்னும் அமெரிக்கச் செவிலியர், அங்குள்ள தாய்மாரைப் பார்த்து ஒரு சுமப்புப் பையை அமைத்து 1969-இல் காப்புரிமை பெற்றார். ஜெர்மனியில் எரிகா ஹாஃப்மன் என்னும் அம்மையார் தம் இரட்டைக் குழந்தைகளை மெக்ஸிகோ நாட்டுத் துணியொன்றில் சுமந்து பழகி, 1972-இல் அத்தகைய துணிகளை நெய்து விற்கும் தொழிலையே தொடங்கினார்.

நம் ஊரிலும் இவ்வழக்கம் இல்லாமல் இல்லை. நரிக்குறவர் தாய்மார் குழந்தையைத் துணியில் தோளோடு கட்டிக்கொண்டு சந்தைக்கு வருவதைக் கண்டிருக்கிறோம். நான் முதன்முதலில் ஒரு கிராமத்தில் இத்துணியைக் காட்டியபோது, "ஊர் ஊராகத் திரிகிறவர்கள் கட்டுவதல்லவா இது" என்று முதியவர் சிலர் முகஞ்சுளித்தனர். மணிக்கணக்கில் நடந்து பிழைக்கும் மக்கள் நல்ல முறையொன்றை அறிந்துவைத்திருப்பதில் வியப்பென்ன? கற்றுக்கொள்வதில் நமக்கு இழுக்கும் இல்லை.

மருத்துவர் கூறுவது

கொலம்பியா நாட்டின் போகோட்டா நகரில் 1978-இல் எட்கர் ரேய் சனாப்ரியா என்னும் மருத்துவர், குறைமாதக் குழந்தைகளை வைக்கப் போதிய வெப்பப் பெட்டிகள் இல்லாத நிலையில், தாயின் மார்போடு தோலும் தோலும் படுமாறு குழந்தையைக் கட்டிவைக்கும் முறையைத் தொடங்கினார். இதுவே இன்று 'கங்காரு தாய்ப் பராமரிப்பு' எனப்படுகிறது. இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வொன்றில், எடை மிகக் குறைந்த குழந்தைகளுக்குப் பிறந்தவுடனேயே இம்முறையைத் தொடங்கியபோது, உடல்நிலை தேறும்வரை காத்திருந்து தொடங்கியதைவிட இறப்பு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்ததாகக் கண்டனர். உலக சுகாதார நிறுவனமும் 2022-இல் இதைப் பரிந்துரைத்தது. ஆனால் அது மருத்துவமனையில் செவிலியர் கண்காணிப்பில் தொடங்க வேண்டிய சிகிச்சை. நான் இங்கே கூறும் கட்டுத்துணி, நிறைமாதத்தில் பிறந்து நன்கு வளரும் குழந்தைக்கானது. இரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது.

நிறைமாதக் குழந்தைக்கும் பயன் உண்டு. கனடாவின் மான்ட்ரியல் நகரில் 1986-இல் வெளியான ஆய்வில், வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சுமக்கப்பட்ட குழந்தைகள், ஆறாவது வார அளவில் மற்றவற்றைவிட 43 சதவீதம் குறைவாக அழுதன.

துணியைத் தேர்ந்தெடுத்தல்

தவறுகளில் பெரும்பாலானவை இங்கேதான் நேர்கின்றன. ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

துணி முழுப் பருத்தியாக இருக்க வேண்டும். பாலியெஸ்டர் கலந்த துணி வழுக்கும், முடிச்சு இளகும், நம் வெயிலில் தாய்க்கும் சேய்க்கும் வியர்த்துக் கொட்டும். பனியன் துணியைப் போல் இழுத்தால் நீளும் துணியும் குழந்தை கனக்கக் கனக்கத் தொங்கிவிடும். தறியில் நெய்த துணியே தகுந்தது. அதைப் பாவு வழியாக இழுத்தால் நீளக் கூடாது. மூலைவாட்டில் இழுத்தால் மட்டும் சிறிது கொடுக்க வேண்டும். இந்தக் கொடுப்பே குழந்தையின் முதுகை ஒட்டித் துணி படிய உதவுகிறது.

கனம் எவ்வளவு? மளிகைக்கடைத் தராசே போதும். 60 அங்குல அகலமுள்ள துணியில் ஒரு மீட்டர், 270 முதல் 370 கிராம் வரை இருந்தால் சரியானது. அதற்குக் குறைந்தால் தோளில் கயிறுபோல் அறுக்கும். மிகுந்தால் முடிச்சு விழாது. சென்னிமலைப் பக்கம் படுக்கை விரிப்புக்காக நெய்யும் துணிகளில் இந்தக் கனத்தில் கிடைக்கும். ஆயின் வெட்டித் தைத்த விரிப்பை வாங்கினால் நீளம் போதாது. தறியிலிருந்து வெட்டாத துணியாகக் கேட்டு வாங்க வேண்டும். நல்ல காடாத் துணியும் ஏற்றதே. பவானி ஜமக்காளம் எவ்வளவு உறுதியானதாயினும் இதற்கு ஆகாது, விறைப்பு மிகுதி.

"வீட்டில் பழஞ்சேலை இருக்கிறதே, அது மெத்தென்று இருக்குமே" என்று பாட்டிமார் கேட்பார்கள். மெத்தென்று இருப்பதற்குக் காரணமே நூல் தேய்ந்துபோனதுதான். தேய்ந்த துணி ஓரிடத்தில் விட்டால் நெடுக நீளக் கிழியும். ஆகவே பழஞ்சேலை வேண்டாம். புதிய, தடித்த பருத்திச் சேலையை 30 அங்குல அகலமாக வெட்டிப் பயன்படுத்துவதில் தவறில்லை.

சாயத்தையும் சோதிக்க வேண்டும். குழந்தை துணியின் ஓரத்தை வாயில் வைத்துச் சப்பும் என்பதை மறத்தலாகாது. நனைத்த வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பார்த்துச் சாயம் ஒட்டினால் விட்டுவிடுக. இயன்றால் மேல்கரை ஒரு நிறமும் கீழ்க்கரை வேறு நிறமுமாக உள்ள துணி நல்லது. கட்டும்போது துணி முறுக்கியிருக்கிறதா என்பது நிறத்தைப் பார்த்தவுடனே தெரியும். இரு நிறக் கரை நெய்வது நம் நெசவாளருக்கு மிக எளிய வேலை.

வெட்டுதலும் தைத்தலும்

60 அங்குல அகலத் துணியில் 5¼ மீட்டர் வாங்கினால் இரண்டு கட்டுத்துணி கிடைக்கும். இரண்டு தாய்மார் சேர்ந்து வாங்குவது சிக்கனம். முதலில் வெந்நீரில் இருமுறை துவைத்துக் கஞ்சியை முழுவதும் போக்கி உலர்த்துக. சுருங்குவது இப்போதே சுருங்கிவிடும். பின்னர் பாவு நூலின் வழியே நீளவாட்டில் இரண்டாக வெட்டுக. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 30 அங்குல அகலம் இருக்கும். நடுத்தர உடல்வாகுள்ளவர்க்கு 4.6 மீட்டர் நீளம் போதும். மெலிந்தவர்க்கு 4.2 மீட்டர், பருத்த உடலினர்க்கு 5 மீட்டருக்கு மேலும் தேவைப்படலாம். தந்தையும் சுமப்பதாயின் நீளமானவரின் அளவுக்கே வெட்டுக. தந்தையார் சுமப்பதில் நகைப்புக்கு இடமில்லை. எங்கள் வட்டாரத்தில் ஓர் இளைஞர் சந்தைக்கே கட்டிக்கொண்டு வந்தார். இரண்டு வாரம் சிரித்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள்.

இரு முனைகளையும் சாய்வாக வெட்டினால் முடிச்சு சிறிதாக விழும். இடப்பக்க முனையில் மேல்மூலையிலிருந்து, கீழ்க்கரையில் 12 அங்குலம் உள்ளே தள்ளிய புள்ளிக்குக் கோடிட்டு வெட்டுக. வலப்பக்க முனையில் கீழ்மூலையிலிருந்து, மேல்கரையில் 12 அங்குலம் உள்ளே தள்ளிய புள்ளிக்கு வெட்டுக. இரு முனைகளும் ஒரே திசையில் சாய்ந்திருக்கும். இரு கரைகளும் ஒரே நீளமாக இருக்கும்.

இனித் தையல். தறியில் நெய்த கரையுள்ள பக்கத்தை மடிக்க வேண்டுவதில்லை. வெட்டிய பக்கத்தையும் இரு முனைகளையும் கால் அங்குலமாக இருமுறை மடித்துப் பிசிறு உள்ளே போகுமாறு தைக்க வேண்டும். 16-ஆம் எண் ஊசியும் உறுதியான நூலும் கொள்க. தையல் மிக நெருக்கமாக இருந்தால் துணியைத் துளைத்து வலுவைக் குறைக்கும். மிகவும் அகன்றால் நூல் மாட்டி இழுபடும். அங்குலத்துக்கு எட்டு முதல் பத்துத் தையல் அளவானது. தொடக்கத்திலும் முடிவிலும் பின்னோக்கி ஒருமுறை ஓட்டி நூலைப் பூட்டிவிடுக. கடைசியாக, துணியை இரண்டாக மடித்து நடுவைக் கண்டு, இரு கரைகளிலும் வேறு நிற நூலால் ஒரு சிறு அடையாளம் தைத்துவிடுக. பொத்தான், மணி, ஜரிகை எதுவும் சேர்க்கலாகாது. கைத்தேர்ச்சியுள்ளவர் ஒரு மணி நேரத்துக்குள் இதை முடித்துவிடுவார்.

ஒன்றை மட்டும் வலியுறுத்துகிறேன்: நீளம் போதாத துணிகளை நடுவில் ஒட்டுப் போட்டு நீட்டலாகாது. நாங்கள் முதன்முதலில் செய்தது அதைத்தான். சிக்கனம் கருதித் துண்டுத் துணிகளை இணைத்து ஆறு கட்டுத்துணி தைப்பித்தோம். பார்வைக்கு அழகாகவே இருந்தன. நல்லவேளையாக, குழுவின் தலைவி குழந்தைக்கு முன் அரிசியைக் கட்டிப் பார்க்கலாமென்றார். இருபது கிலோ அரிசிப் பையை வைத்துத் தூக்கியவுடன் ஒட்டு விட்டது. அரிசி கூடமெங்கும் சிதறியது. ஓராண்டுக் குழந்தையின் எடை ஒன்பது, பத்துக் கிலோ என்றால், அதன் இரு மடங்கைத் தாங்காத துணி நமக்கு வேண்டாம் என்று அன்று முடிவு செய்தோம். அப்பொழுதிலிருந்து தைத்து முடித்த ஒவ்வொரு துணியும் அரிசிப் பைச் சோதனைக்குப் பின்னரே வெளியே போகிறது.

கட்டும் முறை

முதல் பத்து முறை அரிசிப் பையை வைத்தே பழகுக. பின்னர் குழந்தையுடன் கட்டும்போது, பாயின்மேல் அல்லது தாழ்வான கட்டிலின் ஓரத்தில் அமர்ந்து, பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு கட்டுக.

துணியின் நடு அடையாளத்தை மார்பின் நடுவில் வைத்து, இரு பக்கங்களையும் அக்குளின் கீழாக முதுகுக்குக் கொண்டுபோக வேண்டும். முதுகில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கிட்டு, வலப்பக்கத் துணியை இடத்தோளின் மேலும், இடப்பக்கத் துணியை வலத்தோளின் மேலுமாக முன்னே இறக்குக. மார்பின் குறுக்கே இப்போது ஒரு பை போன்ற மடிப்பு இருக்கும். குழந்தையை முதலில் தோளில் உயரச் சாய்த்துப் பிடித்து, மெல்ல அம்மடிப்புக்குள் இறக்குக. மடிப்பின் கீழ்க்கரை குழந்தையின் ஒரு முழங்கால் மடிப்பிலிருந்து மற்றொரு முழங்கால் மடிப்பு வரை விரிந்து, புட்டத்தின் அடியில் நன்கு செருகப்பட்டிருக்க வேண்டும். மேல்கரை பிடரியளவு வர வேண்டும்.

இனி இறுக்குதல். முனையை மட்டும் பிடித்து இழுத்தால் ஓரங்கள் இறுகும், நடு தளர்ந்தே இருக்கும். சேலைக் கொசுவத்தைச் சரிசெய்வதுபோல், தோளிலிருந்து வரும் துணியை மேல்கரை, நடு, கீழ்க்கரை எனச் சிறிது சிறிதாக இழுத்துத் தளர்வை வெளியே கொண்டுவர வேண்டும். பிறகு இரு முனைகளையும் குழந்தையின் புட்டத்தின் கீழ் குறுக்கிட்டு, கால்களின் அடியாக முதுகுக்குக் கொண்டுபோய் இரட்டை முடிச்சிடுக.

சரியாகக் கட்டிய குழந்தை, தவளை அமர்ந்திருப்பதைப் போல் இருக்கும். முழங்கால்கள் புட்டத்தைவிட உயர்ந்து, தொடைகள் அகன்றிருக்கும். இளங்குழந்தையின் இடுப்பு மூட்டுக்கு இதுவே உகந்த நிலை. கால்களை நேரே நீட்டி இறுகச் சுற்றும் வழக்கத்தை ஜப்பானில் 1970-களின் நடுவில் பிரசாரம் செய்து மாற்றியபின், அங்கே குழந்தைகளின் இடுப்பு மூட்டு விலகல் பெரிதும் குறைந்தது. கால்கள் தொங்குமாறு கட்டுவதைத் தவிர்க்கச் சொல்வது இதனால்தான்.

எச்சரிக்கை

அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2010-இல் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. தோளில் மாட்டும் தொங்கல் வகைச் சுமப்புத் துணிகளில் இருபது ஆண்டுகளில் குறைந்தது 14 குழந்தைகள் இறந்ததாகவும், அவர்களில் 12 குழந்தைகள் நான்கு மாதம் நிரம்பாதவர்கள் என்றும் அது கூறிற்று. இளங்குழந்தைக்குக் கழுத்து நிற்பதில்லை. துணி தளர்ந்து உடல் குறுகினால் மோவாய் மார்பில் படிந்து மூச்சுக்குழல் அடைபடும். அல்லது மூக்கும் வாயும் துணியில் புதைந்துவிடும். குழந்தை அழாமலே மூச்சை இழந்துவிடும் என்பதே இதன் கொடுமை.

ஆகவே குழந்தையின் முகம் எப்பொழுதும் தாயின் கண்ணுக்குத் தெரிய வேண்டும். குனிந்தால் உச்சியில் முத்தமிடும் உயரத்தில் தலை இருக்க வேண்டும். மோவாய்க்கும் மார்புக்கும் இடையே இரண்டு விரல் நுழைய வேண்டும். வெயிலுக்காக முந்தானையை இழுத்து முகத்தை மூடுவது நம் தாய்மாரிடையே பெருவழக்கு. துணி கட்டியிருக்கும்போது இதை அறவே விட வேண்டும். வெயிலுக்குக் குடை பிடிக்கலாம். உச்சிவெயிலில் கட்டாதிருப்பது அதனினும் நன்று. பாலூட்டியபின் குழந்தையை மீண்டும் உயர்த்தி நிமிர்த்திவைக்க வேண்டும். குறைமாதக் குழந்தை, எடை குறைந்த குழந்தை, சளி பிடித்து மூச்சுத் திணறும் குழந்தை, நான்கு மாதம் நிரம்பாத குழந்தை ஆகியவற்றைக் கட்டுவதற்கு முன் கிராம சுகாதாரச் செவிலியரைக் கேட்டுக்கொள்க.

அடுப்பருகே நிற்கையில், கிணற்றில் இறைக்கையில், அரிவாள் பிடிக்கையில், மருந்து தெளிக்கும் வயலில், இருசக்கர வாகனத்தில் செல்கையில் குழந்தையைக் கட்டியிருக்கலாகாது. நாற்று நடுதல், களையெடுத்தல் போன்ற குனிந்து செய்யும் வேலைக்கும் இது ஆகாது. எதையேனும் எடுக்க வேண்டுமாயின் இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடித்து அமர வேண்டும்.

பஞ்சாயத்து செய்யத்தக்கது

இங்கேதான் அங்கத்தினர்களிடம் ஒரு வார்த்தை. "கட்டுத்துணி கொடுத்துவிட்டோம், இனி வேலைத்தலத்தில் பந்தல் எதற்கு?" என்று ஒரு கூட்டத்தில் என்னிடமே கேட்டார்கள். குனிந்து மண் வெட்டும் பெண்ணின் மார்பில் குழந்தையைக் கட்டச் சொல்வதைவிடக் கருவேல மரமே மேல் என்று பதில் சொன்னேன். இத்துணி வீட்டுவேலைக்கும், நடைக்கும், வரிசையில் நிற்பதற்கும், தடுப்பூசி போடச் செல்வதற்கும் உரியது. பொதுவேலை நடக்கும் இடத்தில் நிழலும், தண்ணீரும், குழந்தைகளைப் பார்க்க ஓர் ஆளும், குழந்தை ஒன்றே ஆயினும், இருந்தே தீர வேண்டும். இரண்டையும் ஒன்றுக்கொன்று ஈடாகக் கணக்கிடுவதை அங்கத்தினர்கள் கூட்டத்திலேயே மறுத்துப் பேச வேண்டும். அன்று நான் பேசத் தவறியதைப் போல் தவறவேண்டாம்.

தையற்பயிற்சி பெற்ற மகளிர் சுய உதவிக் குழு உள்ள ஊரில் இதைத் தொடங்குவது எளிது. துணியை மொத்தமாகத் தறிக்காரரிடமே வாங்கினால் விலையும் குறையும். நாங்கள் செய்வது யாதெனில், தைத்தவற்றில் நான்கைத் துணைச் சுகாதார நிலையத்தில் இரவலுக்கு வைத்திருக்கிறோம். தடுப்பூசி நாளன்று வரும் தாய், செவிலியர் முன்னிலையில் கட்டிப் பழகி, ஒரு வாரம் வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம். பிடித்திருந்தால் குழுவிடம் சொந்தமாக வாங்கிக்கொள்வார். பிடிக்காதவர் திருப்பித் தந்துவிடுவார். கட்டும் முறையைக் காட்டாமல் துணியை மட்டும் விழா வைத்து வழங்குவதை நான் விரும்பவில்லை. பெட்டியில் உறங்கும் துணியால் கேடில்லை. தவறாகக் கட்டிய துணியால் உண்டு.

முதலில் கூறிய இரு சிறுமியரில் மூன்றாம் வகுப்புப் பெண் இப்போது ஒழுங்காகப் பள்ளிக்கு வருகிறாள். ஐந்தாம் வகுப்புப் பெண்ணின் வீட்டில் துணி மட்டும் போதவில்லை. அங்கே பாட்டி நோயுற்றிருக்கிறார். தலைமையாசிரியரும் நானும் இன்னும் அவ்வீட்டுக்குப் போய்வந்துகொண்டிருக்கிறோம்.

துணியைச் சாதாரணச் சோப்பில் துவைத்து நிழலில் உலர்த்தலாம். கஞ்சி போடலாகாது. மாதம் ஒருமுறை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, நூல் விலகிய இடம், எலி கடித்த இடம், தையல் விட்ட இடம் உண்டா எனப் பார்க்க வேண்டும். தையல் விட்டிருந்தால் மீண்டும் தைக்கலாம். துணியே நைந்திருந்தால் ஒட்டுப் போடக் கூடாது, தூளியாகவும் கட்டக் கூடாது. அன்றே நான்கைந்து துண்டாக வெட்டிக் குழந்தைக்கு அடித்துணியாக்கிவிடுக. வெட்டாமல் மடித்து வைத்தால், அடுத்த குழந்தை பிறந்தவுடன் யாரேனும் எடுத்துக் கட்டிவிடுவார்கள்.